நூற்று முப்பத்தோராவது நூல்

கல்லூரிப் பெண்கள் சங்கங்களில் கூட்டம் அதிகமாகிவிட்டதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அலபாமாவின் இந்த மூலையில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் போய்ப் பேசுகிறேன். ஒரே வருஷத்தில் ஒரு வீட்டுக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களைத் 'தங்கைகள்' என்று அழைப்பது அபத்தம் என்று சொல்கிறேன். கை தட்டுகிறார்கள். கடைசியில் ஒரு கதை வைத்திருப்பேன். நூலைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்த ஒரு பெண், மறுமுனையில் யாரும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு பேராவது கைக்குட்டையை எடுப்பார்கள். மறுமுனையில் நின்றிருக்க வேண்டியவள் நான்தான் என்பதை மட்டும் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இருபது வயது. பெயர் ஹாலிஸ் ப்ரூயிட். எங்கள் கல்லூரியில் பதினான்கு சகோதரிகள் சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் தூண் வைத்த ஒரு வீடு. எங்கள் வீட்டில் புதுசுகளுக்குப் பொறுப்பாளர் நான். புதுசுகள் என்றால் அந்த வருஷம் சேர்ந்த முதலாண்டுப் பெண்கள். அவர்களுக்குச் சங்கத்தின் பாட்டையும் சத்தியத்தையும் சொல்லிக்கொடுத்து, இலையுதிர்காலம் முடிவதற்குள் சட்டையில் சங்க ஊக்கைக் குத்தி, முழுச் சகோதரிகளாக்குவது என் வேலை.

அந்த வசந்தத்தில் கல்லூரி ஒரு யோசனை சொன்னது. புதிதாக நான்கு சங்கங்கள் திறந்தால் புதுசுகள் வீட்டுக்கு நூறு பேருக்குள் அடங்குவார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று எல்லா வீடுகளையும் கேட்டது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கூட்டம் போட்டோம்.

"நம்ம சாப்பாட்டு ரூம்ல அறுபது நாற்காலிதான் இருக்கு," என்றாள் ஒரு நாலாம் வருஷத்துக்காரி. "போன வருஷம் சேந்ததுல பாதிப் பேர நான் இன்னும் நேர்ல பாத்ததுகூட இல்ல. நேத்து படிக்கட்டுல ஒருத்திகிட்ட 'நீ எந்த வீடு'ன்னு கேட்டுட்டேன். நம்ம வீடாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். பேச்சு எனக்கு அப்போதே நன்றாக வரும்.

"சரி, யாரை வேண்டாங்கற? போன வருஷம் வந்ததுல முப்பது பேரப் பொறுக்கி வாசல்ல நிறுத்து பாக்கலாம். உன் சொந்தத் தங்கச்சியும் அந்த வருஷந்தானே வந்தா? அவளையே மொதல்ல நிறுத்து."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கம் இருந்தவர்களும் என் பக்கம் சாய்ந்தார்கள். யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்ற கருணையில் நான் பேசியதாகத்தான் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. உண்மையான காரணத்தைக் கூட்டம் முடிந்ததும் தலைவி மேரி சட்டன் என் காதில் சொன்னாள்.

"நல்லவேளை பேசுன. நூறுக்குக் கீழ போனா, 'அந்த வீட்டுக்கு ஆளே கிடைக்கல போல'ன்னு ஊரே பேசும்டீ."

"அதுக்குத்தானே பேசுனேன்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்டில் ஓட்ட நாள் வந்தது. ஆயிரத்து எண்ணூறு பெண்கள் மைதானத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் உறையைக் கிழித்து, எந்த வீட்டின் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டுக்குக் கூச்சலிட்டபடி ஓடுகிற நாள். எங்கள் புல்தரையில் நூற்று முப்பத்தொரு பேர் வந்து விழுந்தார்கள். வாசலில் நின்று எல்லோரையும் கட்டிப்பிடித்தேன். இருபதாவது ஆளுக்குமேல் எனக்கு முகங்கள் தெரியவில்லை, வியர்வை மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் கொடுக்கிற சங்கச் சட்டைகள் தீர்ந்துபோய்க் கடைசியில் ஓடிவந்த சிலருக்குக் கூடாரம் மாதிரி பெரிய அளவுதான் கிடைத்தது.

பெயர் பிரச்சினைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரையும் 'செல்லம்' என்று கூப்பிட்டேன். "செல்லம், எப்படி இருக்க?" "செல்லம், பாட்டு மனப்பாடம் ஆச்சா?" என்று கேட்பேன். முப்பது பேர் பெயரை உண்மையாகவே கற்றுக்கொண்டேன். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மிச்சம் நூற்றொரு பேரும் என் செல்லங்கள். போனிலும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புவேன், 'லவ் யூ செல்லம்' என்று முடித்து. ஹாலிஸ் எவ்வளவு பிரியமானவள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நூல் நாள். ஒவ்வொரு புதுசுக்கும் ஒரு பெரியக்கா அமைவாள். அவள் யாரென்று அன்றுவரை ரகசியம். புதுசின் கையில் ஒரு நூல் முனையைக் கொடுப்போம். அந்த நூல் நாற்காலிக் கால், பியானோ, மாடிப்படிக் கைப்பிடி என்று வீடெல்லாம் சுற்றிப் போகும். சுற்றிச் சுற்றி நடந்தால் மறுமுனையைக் கையில் பிடித்தபடி பெரியக்கா நிற்பாள். அப்புறம் கட்டிப்பிடிப்பு, அழுகை, பரிசுக்கூடை. சங்கத்தில் சேர்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு நாளுக்காகத்தான் சேர்கிறார்கள். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கூடவே நிற்கிற அக்கா இந்த நூலில்தான் கிடைப்பாள் என்று எங்கள் அம்மாக்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஜோடி சேர்ப்பது என் பொறுப்பு. புதுசுகள் மூன்று பெயர் எழுதித் தருவார்கள், மூத்தவர்களும் மூன்று பெயர். ஒருத்திக்கு இரண்டு தங்கைகளுக்குமேல் கூடாது என்பது நானே போட்ட விதி. சனிக்கிழமை மத்தியானம் பட்டியலை முடிக்கும்போது ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. கோரா லின் ஸ்டீட். மூத்தவர்கள் யாருமே அவள் பெயரை எழுதவில்லை. அவள் மூன்று இடத்திலும் ஒரே பெயரை எழுதியிருந்தாள். என் பெயரை.

எனக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். நானே கேட்டு வாங்கிய அழகான, கலகலப்பான இரண்டு பேர். மூன்றாவது ஒருத்தி, அதுவும் முகம் ஞாபகமில்லாத ஒருத்தி, எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் பட்டியலில் கட்டம் காலியாக இருந்தால் கணினி அதை முடிக்கவிடாது. அதனால் அந்தக் கட்டத்தில் ஹாலிஸ் ப்ரூயிட் என்று அடித்தேன். நாளைக்குள் யாரையாவது பிடித்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவளுடைய பச்சை நூலைப் பின்கட்டுப் படி வழியாக இறக்கி, துணி துவைக்கும் அறைக் கதவின் பிடியில் தற்காலிகமாக முடிச்சுப் போட்டுவிட்டுப் போனேன். போனவள் மறந்தேபோனேன்.

மறுநாள் என் இரண்டு தங்கைகளும் நூலைப் பிடித்தபடி வந்து என் கழுத்தில் தொங்கினார்கள். நான் நிஜமாகவே அழுதேன். இன்னொரு நூல் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. திங்களன்று பட்டியலை அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அக்டோபரில் அம்மாக்கள் வாரம். சனிக்கிழமை காலை தோட்டத்தில் கூடாரம் போட்டு, ஊரெல்லாமிருந்து வந்த அம்மாக்களுக்கு விருந்து. எங்கே பார்த்தாலும் முத்துமாலைகள், உயரக் குதிகால் செருப்புகள் குத்திப் புல்தரை முழுக்கக் குழி. நான் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் தனியாக ஒரு பெண்மணி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், துவைத்து இஸ்திரி போட்ட பூப்போட்ட சட்டை, கையில் பெரிய வட்டமான தகரக் கேக் டப்பா. மூடியின்மேல் ஒட்டுப்பட்டையில் பேனாவால் 'ஸ்டீட்' என்று எழுதியிருந்தது.

"ஹாலிஸ் யாருன்னு தெரியணும் கண்ணு."

"நான்தாம்மா."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை அணைத்துக்கொண்டார். சம்பிரதாய அணைப்பில்லை. எலும்பு நொறுங்குகிற அணைப்பு.

"நான் டார்லா. கோரா லின்னோட அம்மா. உன்னப் பாக்கணும்னுதான் மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். ஆட்டர் க்ரீக்லேருந்து. இது காரமல் கேக், உனக்குத்தான். என் பொண்ணுக்கு அக்காவா இருக்கறதுக்கு."

எனக்கு எதுவுமே விளங்கவில்லை. பெயர் எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் முகத்தில் சிரிப்பு மட்டும் அது பாட்டுக்கு இருந்தது. "ஐயோ, மிஸ் டார்லா! உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசிக்கிட்டே இருப்பா," என்றேன். இந்த வாக்கியத்தை அன்று காலை இருபது அம்மாக்களிடமாவது சொல்லியிருப்பேன்.

"உன்னப் பத்தித்தான் எங்கிட்டப் பேசுவா," என்றார் அவர். "செல்லம்னுதான் கூப்புடுவியாமே? நீ அனுப்புன செய்தியெல்லாம் காட்டுனா. 'லவ் யூ செல்லம்'னு. எங்க வீட்டுல மொதமொதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ அவதான். ஒரு மாசமா, 'வேண்டாம்மா, திரும்பி வந்துடறேன்'னு ஒரே அழுகை. 'உனக்கு அங்க ஹாலிஸ் இருக்காளே, அப்புறம் என்ன'ன்னு நான்தான் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன். நேத்துலேருந்து போன எடுக்கல. அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

பட்டியலின் கட்டம், பச்சை நூல், கதவுப்பிடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவள் முகம் எப்படியிருக்கும் என்றுதான் யோசித்தேன். முகம் தெரியாமல் கதவைத் தட்டினால், அறையில் இருக்கிற மற்றவளைக் கட்டிப்பிடித்துத் தொலைத்துவிட்டால்?

வீட்டுக் கூடத்தில் முகப்பலகை தொங்கியது. வீட்டிலுள்ள நானூறு பேரின் படமும் தபால்தலை அளவில், முந்தின நாள்தான் மாட்டியது. அவரை அங்கே அழைத்துப் போனேன். "இதப் பாருங்க மிஸ் டார்லா, புதுப் படம். இதுல உங்களுக்கு எந்தப் படம் ரொம்பப் புடிச்சிருக்கு, சொல்லுங்க பாக்கலாம்," என்று கொஞ்சலாகக் கேட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு விரலை நீட்டி, "அதோ, அஞ்சாவது வரிசை," என்றார்.

அகன்ற நெற்றி, முன்பல்லில் சின்ன இடைவெளி, கொஞ்சம் சாய்ந்த சிரிப்பு. எட்டு வாரமாக வாரத்துக்கு இரண்டு முறை நான் செல்லம் என்று அழைத்த முகம். எனக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை.

கேக்கைச் சாப்பாட்டு அறையில் வைத்துவிட்டு நடந்தோம். முதலாண்டுப் பெண்கள் தங்கும் கல்லூரி விடுதி பத்து நிமிஷ நடை. வழியில் அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டர் க்ரீக் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறாராம். பதினொன்றேகாலுக்கு வரிசை ஆரம்பித்தால் ஒன்றேகால் வரை கரண்டி கீழே இறங்காதாம். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அறை எண்ணையும் அவரே சொன்னார், நல்லவேளை.

கதவைத் திறந்தது படத்தில் பார்த்த அந்த முகம்தான். ஓட்ட நாளில் கொடுத்த கூடாரச் சட்டையைப் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் சிரித்துவிட்டாள்.

"ஹாலிஸக்கா! அம்மாவையும் கூட்டிட்டே வந்துட்டீங்களா? சொல்லவே இல்லையே!"

"உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான், செல்லம்," என்றேன். வாய் கூசவில்லை.

மேஜையில் பச்சை நூல் ஒரு உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். மிஸ் டார்லா எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். "இன்னும் கிட்ட நில்லுங்கடீ, அக்கா தங்கச்சி மாதிரியா நிக்கறீங்க?" என்றார். நான் அவள் தோளில் கை போட்டேன். அவள் தோள் கட்டை மாதிரி விறைத்திருந்தது. அம்மா முகம் கழுவப் போன இரண்டு நிமிஷத்தில், அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க. ப்ளீஸ். நீங்க எனக்கு அக்காவா இருக்கீங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கா."

"கோரா லின், எப்படி இது நடந்துச்சுன்னா..."

"என் பேரு தெரிஞ்சிடுச்சா?" என்று திரும்பினாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டுச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. "அன்னிக்கு நாப்பது நிமிஷம் நின்னேங்க்கா. துணி காய வெக்கற மிஷின் ரெண்டு தடவ மணி அடிச்சு நின்னுடுச்சு. மேலேருந்து சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க பரிசுக்கூடை எடுக்கப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். மறுநாள் பட்டியல்ல உங்க பேரப் பாத்ததும் எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? ஏதோ அவசரம், இன்னிக்கு வந்துடுவாங்க, நாளைக்கு வந்துடுவாங்கன்னு..."

"மன்னிச்சிடு. கூட்டம் ஜாஸ்தி, அதான்..." என்று ஆரம்பித்தேன். குழாய்ச் சத்தம் நின்றது. அவள் உடனே சிரிப்பைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் மிஸ் டார்லாவை அவருடைய பழைய வண்டி வரை கொண்டுவிட்டேன். தலை தப்பியது என்ற நிம்மதி எனக்கு. அவர் கதவைத் திறந்தார், ஏறவில்லை.

"நீ அவள இன்னிக்குத்தான் மொதல்ல பாத்த, இல்ல?"

நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தப் படம் புடிச்சிருக்குன்னு கேட்டியே, அப்பவே தெரியும். அவ எனக்காக நடிச்சா. நான் அவளுக்காக நடிச்சேன். நீ யாருக்காக நடிச்ச கண்ணு?"

அந்தக் 'கண்ணு' இன்னும் இருந்தது. அதனால்தான் எனக்கு அழுகை முட்டியது. "நூத்தி முப்பத்தொரு பேரு, மிஸ் டார்லா," என்றேன். "ஒருத்தியா எத்தன பேர ஞாபகம் வெச்சுக்கறது? நெஜமாவே முடியல."

"எங்க வரிசைல நானூத்திப் பத்துப் பசங்க," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "யாருக்குப் பட்டாணி ஆகாது, யாரு வீட்டுல நேத்து சாப்புடல, எல்லாம் தெரியும். பேரு சொல்லாம ஒரு தட்டு எங் கையவிட்டுப் போனதில்ல. எனக்கு ஞாபகசக்தி ஒண்ணும் பெருசா கெடையாது. கேட்டா சொல்லுவாங்க, அவ்ளோதான்."

பிறகு என் கையைப் பிடித்தார். "போனது போகட்டும். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அது வரைக்கும் அவள நெஜமாவே பாத்துக்கறியா? ஒரு தடவ சேந்து சாப்புடு, போதும். அந்தக் கேக் டப்பாவக் கழுவி அவகிட்டக் குடு. அந்தச் சாக்குலயாவது போய்ப் பாரு. திங்கக்கெழம போவியா?"

"சத்தியமா," என்றேன். அப்போது நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது டப்பா காலி. ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிட்டார்களாம். யார் கொண்டுவந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

டப்பாவைக் கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்தேன். திங்கட்கிழமை ஊர்வல வண்டி அலங்கார வேலை தொடங்கியது. பழைய மாணவர் திரும்பும் வாரத்துக்குக் கம்பிவலையில் ஆயிரக்கணக்கான வண்ணக் காகிதங்களைச் செருக வேண்டும். செருகாதவளைச் சும்மா விட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் செருகினேன். புதன்கிழமை விடுதிப் பக்கமே போனேன், என் இரண்டு தங்கைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று சூப் கொண்டுபோனேன். டப்பா கையில் இல்லை, நாளைக்கு எடுத்து வரலாம் என்று திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் கண்ணைப் பார்க்க எனக்குப் பயம். வியாழன், வெள்ளி போயின. சனிக்கிழமை ஊர்வலத்தில் எங்கள் வண்டிக்கு இரண்டாம் பரிசு.

அடுத்த திங்களன்று டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் அறைத்தோழி. பாதி அறை காலியாக இருந்தது. கட்டிலில் மெத்தை மட்டும்.

"கோரா லின்னா? வெள்ளிக்கெழமயே வீட்டுக்குப் போயிட்டாளே. படிப்பையே நிறுத்திட்டா. உங்க வீட்டுக்குத் தெரியாதா?"

தெரியாது. புதுசுகளின் ஊக்குத் தட்டில் ஒன்று மிஞ்சியபோதுதான் மேரி சட்டனுக்கும் தெரிந்தது. விலகல் படிவத்தில் காரணத்தை எழுதுகிற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று நான் எழுதினேன். மேரி சட்டன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நூத்தி முப்பது. நல்லதுதான்டீ, பத்துப் பத்தா பதிமூணு மேஜை சரியா வரும்," என்றாள். அவளை எப்படிக் குறை சொல்வது? அவளுக்கு அது ஒரு எண்தான். எனக்குப் பெயர் தெரியும், முகம் தெரியும், பல்லிடுக்கு தெரியும், அறை எண் தெரியும். ஆறு நாள் கையில் இருந்தது. பத்து நிமிஷ நடை.

அதற்கப்புறம்தான் நான் கூட்டம் அதிகம் என்று பேச ஆரம்பித்தேன். அந்த வசந்தத்தில் புதுச் சங்கங்கள் வேண்டாம் என்று வாதாடியவள், அடுத்த வசந்தத்தில் வேண்டும் என்று வாதாடினேன். மனம் மாறிவிட்டாள் என்று பாராட்டினார்கள். நான் சொல்வது பொய்யில்லை, கூட்டம் அதிகம்தான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் நன்றாக ஒளிந்துகொண்டேன். டப்பா வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது. அதில் எதையும் போட்டு வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதக் கூட்டத்தில் என் கதை முடிந்து கைதட்டலும் முடிந்த பிறகு, பின்வரிசையிலிருந்து இப்போதைய புதுசு ஒருத்தி கை தூக்கினாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்னக்கா?"

பன்னிரண்டு வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. "அது முக்கியமில்ல, செல்லம்," என்றேன். சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மறுவாரம் ஒரு புதன்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்டர் க்ரீக்குக்கு வண்டியை ஓட்டினேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் என் பெயரை ஒரு தாளில் எழுதி நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். டப்பாவை அதன்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். பதினொன்றரை மணி. வரிசை சுவர் வரை நின்றது. நானும் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன்.

மிஸ் டார்லாவுக்குத் தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்தார். "ஜேலன், பால் எடுக்கல நீ. வில்லா, பாட்டிக்கு இப்ப எப்படி இருக்கு? ட்ரே, ரெண்டு தடவ வரிசைல வந்தா எனக்குத் தெரியாதா, சரி புடி." தட்டுகள் நகர்ந்தன. என்ன சொல்லப் போகிறேன் என்று மூன்று மணி நேரம் வண்டியில் ஒத்திகை பார்த்தது முழுவதும் மறந்துபோயிற்று. என் முறை வந்தது. அவர் நிமிர்ந்தார். டப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஹாலிஸ்," என்றார். "கொஞ்சம் எளச்சுட்ட."

"மிஸ் டார்லா, நான் அந்தத் திங்கக்கெழம போகல. அடுத்த திங்கக்கெழமதான் போனேன். கூட்டத்தால இல்ல. நான்தான் போகல."

கரண்டி ஒரு நொடி நின்றது. எனக்குப் பின்னால் ஒரு சிறுமி தட்டால் என் முதுகை இடித்தாள்.

"தெரியும்," என்றார் அவர். "அவ அந்த வாரம் பூரா கதவு தட்டற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தா. டப்பா வரும்னு நான்தான் அவகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

எனக்கு அது தெரியாது. டப்பாவை அவர் பக்கம் நீட்டினேன்.

"அங்க வெச்சுட்டுப் போ," என்று ஓரத்து மேடையைக் காட்டினார். குரலில் கோபமில்லை, 'கண்ணு'வும் இல்லை. "மெலனி, நீ வா. உனக்குப் பட்டாணி வேண்டாம், இல்ல?"